சைக்ஸ் குடும்பம் ஒன்றா, பலவா? ஒரு பிரிட்டிஷ் பெயர் ஆய்வுக்கூடத்துக்குப் போன கதை

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயரில் ஹடர்ஸ்ஃபீல்டு நகரைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் சைக்ஸ் என்ற குடும்பப் பெயர் எங்கே திரும்பினாலும் கண்ணில் படும். கடைப் பலகையில் இருக்கும், கல்லறைக் கல்லில் இருக்கும், போரில் இறந்தவர்களின் நினைவுத் தூணில் இருக்கும். அங்கிருந்து தெற்கே போகப் போக அரிதாகிவிடும். இந்தப் பெயரை வைத்திருக்கும் எல்லோரும் ஒரே ஆளின் வாரிசுகளா? அல்லது வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு ஆட்களுக்குத் தனித்தனியாக வந்த பெயர்தான் இன்று ஒரே குடும்பம்போலத் தெரிகிறதா? பெயர் அகராதி எழுதியவர்கள் ரொம்ப நாளாகச் சொல்லிவந்த பதில், பலர் என்பது. 2000ஆம் ஆண்டில் வெளியான மூன்றே பக்க ஆய்வுக் கட்டுரை ஒன்று, ஒருவர்தான் என்றது. குடும்பப் பெயரையும் மரபணுவையும் சேர்த்துப் பார்க்கும் துறையில் பின்னால் வந்த பெரும்பாலான வேலை இந்தக் கட்டுரையைத் தொட்டுத்தான் தொடங்குகிறது. அதில் கண்டுபிடித்த விஷயம் கெட்டியானது. அதிலிருந்து இழுத்த முடிவு கொஞ்சம் அவசரம் என்பது என் கணிப்பு. எங்கே அவசரம் என்று பார்ப்போம்.

தொடக்கம் தற்செயலானது. 1990களில் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மனித மரபியல் பேராசிரியராக இருந்தவர் பிரையன் சைக்ஸ். பழைய எலும்பிலிருந்து டிஎன்ஏ எடுக்கலாம் என்று 1989இல் காட்டிய குழுவில் ஒருவர். அவர் அதுவரை பெரும்பாலும் தாய்வழி வரும் மைட்டோகாண்ட்ரியல் டிஎன்ஏவில்தான் வேலை செய்துகொண்டிருந்தார். கிளாக்ஸோ வெல்கம் மருந்து நிறுவனம் அவரை ஒரு கூட்டத்தில் பேச அழைத்தது. அப்போது அந்த நிறுவனத்தின் தலைவர் சர் ரிச்சர்ட் சைக்ஸ். இரண்டு பேரும் சொந்தமா என்று கேள்வி வந்தது. தெரிந்த உறவு எதுவும் கிடையாது. ஆனால் உறவு உண்டா என்று பார்க்கும் கருவி பேராசிரியர் கையிலேயே இருந்தது. நிறுவனத் தலைவரின் கன்னத்தின் உட்புறம் தேய்த்து எடுத்த செல்களை வாங்கிப் பரிசோதித்தார். ஆண்களிடம் மட்டுமே இருக்கும் ஒய் குரோமோசோம் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ரிச்சர்ட் சைக்ஸ் ஹடர்ஸ்ஃபீல்டு பக்கத்துக்காரர். பேராசிரியரோ லண்டன் ஆள்.

இரண்டு பேர் ஒத்துப்போவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதனால் அடுத்த வேலை, முன்பின் தெரியாத சைக்ஸ்களைத் தேடிப் பிடிப்பது.

ஓடையிலிருந்து வந்த பெயர்

அதற்கு முன்னால் பெயரின் பூர்வீகம். வடக்கு இங்கிலாந்துப் பேச்சில் ‘சைக்’ என்றால் மேட்டு நிலத்திலிருந்து இறங்கி வரும் சின்ன ஓடை. கோடையில் வற்றிவிடும் அளவுக்குச் சிறியது. இரண்டு பேரின் நிலத்துக்கோ, இரண்டு ஊர்களுக்கோ எல்லையாக அதைக் காட்டுவார்கள். அந்த ஓடைக்கரையில் குடியிருந்தவனைப் பழைய ஆவணங்கள் ‘டெல் சைக்’, அதாவது ஓடைக்கரையான், என்று குறிக்கின்றன. வேக்ஃபீல்டு பண்ணை நீதிமன்றத்தின் சுருள்களில் 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்திலேயே இப்படிப்பட்ட ஆட்கள் வருகிறார்கள். வரி பாக்கி, வேலி தாண்டிய மாடு, நிலம் கைமாறியது என்று சாதாரண விவகாரங்களில்தான் அந்தப் பெயர் முதலில் எழுத்தில் ஏறியது.

1066இல் வந்த நார்மன் பிரபுக்கள்தான் இங்கிலாந்தில் முதலில் பரம்பரைப் பெயர் வைத்துக்கொண்டார்கள். நிலம் மகனுக்குப் போனது, நிலத்தோடு பெயரும் போனது. சாதாரண மக்களிடம் அது பரவ இரண்டு மூன்று நூற்றாண்டு ஆனது, வடக்கில் இன்னும் தாமதம். அதுவரை ஒருவனுக்கு இருந்தது அடையாளம் மட்டும்: இன்னாரின் மகன் ஜான், கொல்லன் ஜான், ஓடைக்கரை ஜான். ஓடைக்கரை ஜானின் மகன் ஓடையை விட்டு வேறு ஊரில் குடியேறிய பிறகும் ஓடைக்கரையான் என்றே எழுதப்பட்டால், அங்கே பரம்பரைப் பெயர் பிறந்துவிட்டது என்று அர்த்தம்.

ஹடர்ஸ்ஃபீல்டு இருக்கும் பென்னைன் மலைச்சரிவில் ஓடைக்குப் பஞ்சமே இல்லை. ஊருக்கு நாலு ஓடை இருக்கும். அப்படியானால் ஓடைக்கரையான்களும் பலர் இருந்திருக்க வேண்டும். அகராதிக்காரர்கள் பலர் என்று சொன்னதன் நியாயம் இதுதான். 1379இல் இரண்டாம் ரிச்சர்டின் ஆட்சி விதித்த தலைவரியின் பட்டியல்கள் யார்க்‌ஷயரின் மேற்குப் பகுதிக்கு நன்றாகவே தப்பிப் பிழைத்திருக்கின்றன. பெயர் ஆய்வாளர்களுக்கு அது புதையல். அதிலும் இந்தப் பெயர் ஒரே இடத்தில் மட்டும் வருவதில்லை.

நாற்பத்தெட்டு பேர்

பிரையன் சைக்ஸும் உடன் வேலை செய்த கேத்தரின் இர்வெனும் யார்க்‌ஷயர், அதை ஒட்டிய லங்காஷயர், செஷயர் பகுதிகளில் இந்தப் பெயருள்ள ஆண்களைக் குலுக்கலாகத் தேர்ந்தெடுத்துக் கடிதம் எழுதி, கன்னத்தைத் தேய்க்கும் சிறு தூரிகையையும் அனுப்பினார்கள். குலுக்கல் என்பது முக்கியம். குடும்ப வரலாற்று ஆர்வலர்களை மட்டும் கூப்பிட்டிருந்தால் ஏற்கெனவே ஒருவரையொருவர் தெரிந்த சொந்தக்காரர்களாகவே வந்து சேர்ந்திருப்பார்கள்.

ஏன் ஒய் குரோமோசோம்? இங்கிலாந்தில் குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. ஒய் குரோமோசோமும் அப்பாவிடமிருந்து மகனுக்கு மட்டுமே போகிறது, அதுவும் பெரிய கலப்பு இல்லாமல். இரண்டும் ஒரே பாதையில் பயணிக்க வேண்டும். அந்தக் குரோமோசோமில் சில இடங்களில் டிஎன்ஏ எழுத்துக்களின் ஒரு சிறு கோவை அடுத்தடுத்து திரும்ப வரும். ஒருவருக்கு 14 முறை, இன்னொருவருக்கு 15 முறை. இந்த இடங்களுக்கு மைக்ரோசாட்டிலைட் என்று பெயர். நான்கு இடங்களில் இந்த எண்ணிக்கையை எடுத்து வரிசையாக எழுதினால் நான்கு எண் கொண்ட ஒரு அடையாளம் கிடைக்கும். ஹாப்லோடைப் என்பது அதுதான். எண்ணிக்கை மாறாமலே இருக்காது. ஒரு இடத்தில், ஒரு தலைமுறை தாண்டும்போது, ஏறக்குறைய ஐந்நூறில் ஒரு வாய்ப்பில் ஒன்று கூடும் அல்லது குறையும்.

சோதித்த 48 பேரில் 21 பேருக்கு நான்கு எண்ணும் ஒன்றே. 44 சதவீதம். இது மட்டும் என்றால் பெரிய விஷயமில்லை, யார்க்‌ஷயரில் எல்லோருக்குமே அந்த அடையாளம் பொதுவாக இருக்கலாம். அதைச் சரிபார்க்க அதே வட்டாரத்தில் வேறு பெயர் உள்ளவர்களையும், பிரிட்டன் முழுவதிலிருந்தும் எடுத்த மாதிரிகளையும் பார்த்தார்கள். ஒருவரிடம்கூட அந்த அடையாளம் இல்லை. மீதி இருந்த சைக்ஸ்களோ அக்கம்பக்கத்து ஜனங்களைப் போலவே கலவையாக இருந்தார்கள்.

ஆகவே பாதிக்குச் சற்றுக் குறைவானவர்களிடம் அந்தப் பெயருக்கே உரிய ஒரு குரோமோசோம் இருக்கிறது. இது கெட்டியான கண்டுபிடிப்பு. அடுத்த படியில் கட்டுரை சொன்னது: இந்தப் பெயருக்கு மூலவர் ஒருவரே. மற்றவர்கள் அந்த மரத்தில் எங்கோ ஒரு கட்டத்தில் வேறு ஆணின் ரத்தம் நுழைந்ததால் மாறிப்போனவர்கள். எழுநூறு ஆண்டுகளில் இப்படி நடந்த வேகம் சராசரியாக ஒரு தலைமுறைக்கு 1.3 சதவீதம்.

மீதிப் பாதி

இந்த 1.3 சதவீதம்தான் கட்டுரையைப் பொதுமக்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. சைக்ஸ் வீட்டு மனைவிமார்கள் நூற்றுக்கு 99 பங்கு ஒழுக்கமானவர்கள் என்று அதைப் படிக்கலாம், சிலர் அப்படித்தான் படித்தார்கள். எனக்கு அந்த வாசிப்பில் பெரிய ஈடுபாடு இல்லை, காரணம் கணக்கிலேயே இருக்கிறது.

700 ஆண்டை, தலைமுறைக்கு 30 ஆண்டு என்று வகுத்தால் 23 தலைமுறை. 23 படி தாண்டி 44 சதவீதம் மிஞ்சியது என்றால் ஒவ்வொரு படியிலும் 3.5 சதவீதம் விலகியிருக்கிறது. ஆனால் வேறு ஆண் யாரும் நுழையாமலே, மைக்ரோசாட்டிலைட் தானாக மாறியும் அடையாளம் விலகும். நான்கு இடம், 23 தலைமுறை, ஐந்நூறில் ஒன்று என்று போட்டால் ஆறில் ஒருவருக்காவது ஒரு எண் மாறியிருக்க வேண்டும். அதைக் கழித்தால் 2.8 சதவீதம். ஓரெண் மட்டும் தள்ளியிருப்பவர்களையும் குடும்பத்தில் சேர்த்துக்கொண்டால் இன்னும் குறையும். எத்தனை தலைமுறை, யாரை உள்ளே சேர்ப்பது என்பதைப் பொறுத்து விடை இப்படி ஆடுகிறது. தசமப் புள்ளிக்குப் பிறகு ஒரு இலக்கம் வரை துல்லியமாகச் சொல்லும் தைரியம் 48 பேரை வைத்துக்கொண்டு வரக்கூடாது.

இதைவிடப் பெரிய விஷயம், பெயரும் குரோமோசோமும் பிரிய கள்ள உறவு தேவையே இல்லை. இங்கிலாந்தில் கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிறந்த குழந்தை பெரும்பாலும் தாயின் பெயரையே எடுத்துக்கொண்டது. ஒரு சைக்ஸ் வீட்டுப் பெண்ணுக்கு அப்படிப் பிறந்த மகன் சைக்ஸ்தான், குரோமோசோம் மட்டும் வேறு வீட்டுடையது. தத்து எடுப்பதற்கு அங்கே 1926 வரை சட்டமே கிடையாது. அதற்கு முன்னால் அனாதைப் பிள்ளையை வளர்த்தவர் பெயரே அவனுக்கு ஒட்டிக்கொள்ளும். விதவையை மணந்தவனின் பெயரை அவள் முதல் கணவனின் பிள்ளைகளும் எடுத்துக்கொள்வது சகஜம். சொத்துக்காகப் பெயர் மாற்றுவது மேல்தட்டில் வழக்கம். கிழக்கு யார்க்‌ஷயரில் உள்ள ஸ்லெட்மியர் பண்ணைக்குச் சொந்தக்காரரும் புகழ்பெற்ற புத்தகச் சேகரிப்பாளருமான சர் மார்க், மாஸ்டர்மேன் குடும்பத்துப் பெண்ணை மணந்த பிறகு மாஸ்டர்மேன் சைக்ஸ் என்று தன் பெயரையே நீட்டிக்கொண்டார். பெயர் விஷயத்தில் ஆங்கிலச் சட்டம் ரொம்பத் தாராளம். ஏமாற்றும் நோக்கம் இல்லாதவரை யாரும் எந்தப் பெயரையும் வைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றுக்கும் மேலே, மீதி 27 பேரில் சிலர் வேறு ஓடைக்கரையில் வாழ்ந்த வேறு மூலவரின் நேர் வாரிசுகளாகவும் இருக்கலாம். அவர்கள் மரத்தில் எந்தக் குழப்பமும் நடந்திருக்க வேண்டியதில்லை. இங்கேதான் ‘ஒருவரே’ என்ற முடிவு அவசரப்பட்டது.

பெயர்கள் அழிவது

நூற்றைம்பது ஆண்டுக்கு முந்தைய ஒரு கணக்கு இதற்கு உதவும். 1873இல் பிரான்சிஸ் கால்டன், பிரபுக் குடும்பங்களின் பெயர்கள் ஏன் அழிந்துபோகின்றன என்பதை ஒரு கணிதப் புதிராக எஜுகேஷனல் டைம்ஸ் இதழில் கேட்டார். வாட்சன் என்ற பாதிரியார் விடை போட்டார். ஒவ்வொரு ஆணுக்கும் பிறக்கும் மகன்களின் எண்ணிக்கை தற்செயலாக அமையும் என்று வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். எல்லாப் பெயர்களும் கடைசியில் அழிந்தே தீரும் என்று முடித்தார். அது தப்பு. மக்கள்தொகை வளர்ந்தால் சில பெயர்கள் தப்பிவிடும், அந்த விடையை அவர் சமன்பாட்டில் கவனிக்காமல் விட்டுவிட்டார். பிரெஞ்சுக்காரர் பியனமே இதை 1845இலேயே சரியாகச் சொல்லியிருந்தார். இருந்தாலும் கணக்குக்கு இன்றுவரை கால்டன், வாட்சன் பெயர்தான்.

அந்தக் கணக்கை சைக்ஸுக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆளுக்குச் சராசரி ஒரு மகன் பெரியவனாகிக் கல்யாணம் செய்கிறான் என்றால், 23 தலைமுறை முடிவில் தொடங்கிய ஆண்வழிகளில் பத்தில் ஒன்பது மறைந்துபோயிருக்கும். 1300 முதல் 1600 வரை இங்கிலாந்தின் நிலைமை ஏறக்குறைய இதுதான், சொல்லப்போனால் இன்னும் மோசம். 1348இல் வந்த கறுப்புக் கொள்ளைநோய் ஒன்றிரண்டு ஆண்டுகளுக்குள் மக்களில் மூன்றில் ஒரு பங்கையோ பாதியையோ கொண்டுபோய்விட்டது. வேக்ஃபீல்டு சுருளில் ஓடைக்கரையான்கள் எழுதப்பட்டதற்கும் 1379 வரிப் பட்டியலுக்கும் நடுவில்தான் அது வந்தது. பத்து ஓடைக்கரையான்கள் தொடங்கியிருந்தாலும் ஒருவனுடைய வழி மட்டும் தழைத்திருந்தால் இன்றைய சோதனையில் ஒரே மூலவன்போலத்தான் தெரியும்.

தழைத்த வழிக்கு ஊரும் உதவியிருக்கும். ஹடர்ஸ்ஃபீல்டுக்கு மேற்கே கோல்ன் பள்ளத்தாக்கில் மண் மோசம், மழை அதிகம், விவசாயம் மட்டும் செய்து பிழைக்க முடியாது. ஆனால் ஆடு உண்டு, மென்மையான தண்ணீர் உண்டு, கம்பளி நெசவு உண்டு. மாடியில் தறி வைக்க வரிசையாக ஜன்னல் வைத்த கல் வீடுகள் ஸ்லேத்வெயிட், கோல்கார் பக்கம் இன்றும் நிற்கின்றன. ஆலைகள் வருவதற்கு முன்பே வீட்டுத் தறியில் சம்பாதிக்க முடிந்ததால், மகன் நிலத்துக்காகக் காத்திருக்காமல் சீக்கிரம் கல்யாணம் செய்து அதே பள்ளத்தாக்கில் தங்க முடிந்தது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் ஆலைகள் வந்ததும் ஜனத்தொகை எகிறியது. அந்த நேரத்தில் அங்கே இருந்த பெயர்கள் எல்லாமே பெருகின.

பெயரைச் சுமந்தவர்கள்

அந்தப் பள்ளத்தாக்குகளுக்கு வெளியே இந்தப் பெயரைச் சுமந்தவர்களில் சிலரை நமக்கு நன்றாகவே தெரியும். பிரான்சிஸ் சைக்ஸ் (1732–1804) டியூஸ்பரிக்குப் பக்கத்திலிருந்து கிழக்கிந்திய கம்பெனி வேலைக்கு வங்காளம் போனார். முர்ஷிதாபாத் நவாப் தர்பாரில் கம்பெனியின் ரெசிடென்டாக (பிரதிநிதியாக) இருந்து சேர்த்த பணத்தில் இங்கிலாந்து திரும்பி பாசில்டன் பண்ணையை வாங்கி மாளிகை கட்டினார். வங்காளத்துப் பணத்தில் எழுந்த கட்டடங்களைப் பட்டியலிட்டால் அதற்கும் கட்டாயம் ஒரு வரி உண்டு.

வில்லியம் ஹென்றி சைக்ஸ் (1790–1872) வேறு ரகம். பம்பாய் ராணுவத்தில் சேர்ந்து, அரசின் புள்ளிவிவர அதிகாரியாகத் தக்காணம் முழுக்கச் சுற்றி, மக்கள், பயிர், மழை என்று எண்ணிக்கொண்டே பறவைகளையும் விலங்குகளையும் பதிவு செய்தார். தக்காணத்து வறண்ட புல்வெளியில் வாழும் ஒரு கொண்டை வானம்பாடியும், ஆப்பிரிக்காவின் கிழக்குப் பக்கத்துக் குரங்கு ஒன்றும் இன்று ஆங்கிலத்தில் அவர் பெயரைத் தாங்குகின்றன. பிற்காலத்தில் கம்பெனியின் இயக்குநர் குழுத் தலைவராகவும் ஆனார். எனக்கு இந்த வரிசையில் பிடித்தவர் இவர்தான். குரோமோசோம் எதுவும் தேவைப்படாமல் ஒரு பெயர் ஒரு பறவை மேல் போய் உட்கார்ந்திருக்கிறது.

பிரெடெரிக் சைக்ஸ் 1928 முதல் 1933 வரை பம்பாய் மாகாண கவர்னர். அதற்கு முன்னால் பிரிட்டிஷ் விமானப்படையின் தளபதி. 1930 ஏப்ரலில் காந்தி உப்பு எடுத்த தண்டி இவருடைய மாகாணத்தில்தான் இருந்தது.

எல்லோரையும்விட அதிகம் திட்டு வாங்குபவர் மார்க் சைக்ஸ் (1879–1919). ஸ்லெட்மியர் குடும்பத்தின் ஆறாவது பாரனெட் (தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ‘சர்’ பட்டம்). 1916இல் பிரெஞ்சுத் தூதர் ஜார்ஜ் பிக்கோவோடு சேர்ந்து ஒட்டோமான் பேரரசின் அரபுப் பகுதிகளைப் பிரிட்டனும் பிரான்சும் பங்குபோடும் ரகசிய ஒப்பந்தத்தை வரைந்தார். 1919 பிப்ரவரியில், அமைதி மாநாட்டுக்குப் போன இடத்தில், பாரிஸ் ஹோட்டல் ஒன்றில் ஸ்பானிஷ் காய்ச்சலில் இறந்தார். உடலை ஈயப் பெட்டியில் வைத்து யார்க்‌ஷயருக்குக் கொண்டுவந்து புதைத்தார்கள். 2008இல் வைரஸ் ஆய்வாளர் ஜான் ஆக்ஸ்ஃபோர்டின் குழு அந்தக் கல்லறையைத் திறந்தது. ஈயத்துக்குள் நுரையீரல் கெடாமல் இருந்தால் 1918 வைரஸின் தடயம் கிடைக்கும் என்று நம்பினார்கள். மண் பாரத்தில் பெட்டி வெடித்து உடல் சிதைந்திருந்தது, இருந்தும் திசுக்களை எடுத்தார்கள். அவர்கள் தேடியது வைரஸை. ஸ்லெட்மியர் சைக்ஸ்கள் நெசவுப் பள்ளத்தாக்குக்காரர்களின் உறவா என்பது அன்றைய கேள்வியே இல்லை. லீட்ஸ், ஹல் நகரங்களில் வியாபாரம் செய்து மேலே வந்த குடும்பம் அது. பெயரை மட்டும் வைத்து இரண்டையும் இணைக்க முடியாது என்பதுதான் இந்த ஆய்வின் நேரடிப் பாடம்.

எல்லா சைக்ஸும் சீமான்கள் இல்லை. நகைச்சுவை நடிகர் எரிக் சைக்ஸ் (1923–2012) பென்னைனுக்கு மறுபக்கம் இருக்கும் பருத்தி ஆலை ஊரான ஓல்டமில் பிறந்தவர். அட்லான்டிக்கைத் தாண்டிப் போனால் ப்ளூஸ் பியானோக்காரர் ரூஸ்வெல்ட் சைக்ஸ், நகைச்சுவைக் கலைஞர் வாண்டா சைக்ஸ். இருவரும் கறுப்பின அமெரிக்கர்கள். 1964இல் வர்ஜீனியாவில் பிறந்த வாண்டாவின் மரத்தை வரலாற்றாளர்கள் தேடிப் போனபோது 1683 வரை போக முடிந்தது. எலிசபெத் பேங்க்ஸ் என்ற வெள்ளைக்கார ஒப்பந்த வேலைக்காரிக்கு ஒரு கறுப்பின அடிமையால் பிறந்த மகள் அந்தத் தொடக்கம். தாய் சுதந்திரமானவள் என்பதால் மகளும் சுதந்திரமானவள் ஆனாள். இந்தக் குடும்பங்களின் கதையை ஒய் குரோமோசோமால் சொல்ல முடியாது. பெண்களுக்கு அது இல்லவே இல்லை.

லெஸ்டரில் எழுந்த சந்தேகம்

ஒரு பெயரை வைத்துச் செய்த சோதனையைப் பலவற்றுக்கு விரித்தது லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும். 2009இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் 40 குடும்பப் பெயர்கள், 1,678 ஆண்கள். நான்கு இடங்களுக்குப் பதில் 17 இடங்களைப் பார்த்தார்கள். பெயர் எவ்வளவு அரிதோ, குரோமோசோம் அவ்வளவு ஒத்துப்போனது. அட்டன்பரோ என்ற பெயர் கொண்டவர்களில் 87 சதவீதம் ஒரே வழி. மறுமுனையில் ஸ்மித்: பெயர் ஒன்றாக இருப்பதால் எந்த உறவும் தெரியவில்லை. ஊருக்கு ஊர் கொல்லன் இருந்தானே, வேறென்ன எதிர்பார்ப்பது. வேறு ஆண் நுழையும் வேகத்தை அவர்கள் தலைமுறைக்கு 1 முதல் 4.5 சதவீதம் என்று ஒரு வீச்சாகவே சொன்னார்கள். மேலே போட்ட நம் கணக்கும் அந்த வீச்சுக்குள் விழுகிறது. கட்டுரையின் தலைப்பிலேயே மூலவர்களோடு தற்செயலான அழிவையும் சேர்த்திருந்தார்கள். அரிதான பெயர்களில் ஒரு வழி ஓங்கியிருப்பதற்கு அதுவும் காரணம் என்று எழுதினார்கள். சைக்ஸ் கட்டுரைக்குச் சரியான மறுப்பு இதுதான் என்று நினைக்கிறேன். சண்டை போடாமல், கேள்வியையே திருத்தியது.

அதே குழு 2007இல் எழுதிய இன்னொரு கட்டுரை இதைவிட ருசியானது. கிழக்கு யார்க்‌ஷயரைச் சேர்ந்த அரிதான ஒரு குடும்பப் பெயர் கொண்ட ஒரு வெள்ளைக்காரரின் ஒய் குரோமோசோம், அதுவரை மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் மட்டுமே பார்த்த வகையாக இருந்தது. ஆப்பிரிக்க முன்னோர் உண்டு என்று அவருக்குத் தெரியாது. அதே பெயர் கொண்ட 18 பேரைச் சோதித்தார்கள், ஏழு பேரிடம் அதே வகை. ஆவணங்களில் பின்னோக்கிப் போனதும் ஏழு பேரும் 1780களின் யார்க்‌ஷயரில் தொடங்கும் இரண்டு மரங்களில் அடங்கினார்கள், அவற்றுக்கு முந்தைய பொது முன்னோர் எழுத்தில் அகப்படவில்லை. அடிமை வணிகக் காலத்தில் வந்தவராக இருக்கலாம், ஹேட்ரியன் சுவரில் காவல் நின்ற ரோமானியப் படையின் ஆப்பிரிக்க வீரராகவும் இருக்கலாம். ஆய்வாளர்கள் கட்டுரையில் அந்தக் குடும்பப் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள். பிரையன் சைக்ஸ் தன் சொந்தப் பெயரையே ஆய்வுக்கு எடுத்து வெளிப்படையாக எழுதியதோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது.

அரச வம்சத்துக்கும் இதே கதி. லெஸ்டரில் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்த மூன்றாம் ரிச்சர்டின் எலும்புக்கூட்டை 2014இல் ஆண்வழி உறவினர்களோடு ஒப்பிட்டார்கள். சாமர்செட் குடும்பத்தில் இன்று இருக்கும் ஐந்து ஆண்கள், எல்லோரும் ஐந்தாம் போஃபர்ட் பிரபுவின் வாரிசுகள். தாய்வழி டிஎன்ஏ வேறு உறவினர்களோடு பொருந்தி எலும்புக்கூடு ரிச்சர்டுடையது என்று உறுதியானது. ஆண்வழி பொருந்தவில்லை. ஐந்து பேரில் ஒருவர் மற்ற நால்வரோடுகூட ஒத்துப்போகவில்லை. நீதிமன்றச் சுருளில் மாடு தாண்டிய வழக்கோடு எழுதப்பட்ட குடும்பமாகட்டும், அரச வம்சாவளிப் படத்தில் பொன் எழுத்தில் வரைந்த குடும்பமாகட்டும், 20 தலைமுறைக்கு மேல் ஒரு இடத்திலாவது முடிச்சு அவிழ்கிறது.

சைக்ஸ் வழக்கைத் தீர்க்க இப்போது கருவி இருக்கிறது. வணிகப் பரிசோதனைகளிலேயே இன்று நூற்றுக்கும் மேற்பட்ட மைக்ரோசாட்டிலைட்களைப் பார்க்கிறார்கள். ஒரே ஒரு எழுத்து மாறி நிரந்தரமாக நின்றுவிட்ட இடங்களை வைத்து, ஒரு கிளை இன்னொன்றிலிருந்து எந்த நூற்றாண்டில் பிரிந்தது என்று கணிக்கவும் முடிகிறது. அந்த 21 பேரின் பொது முன்னோர் 1300ஐ ஒட்டி வாழ்ந்தவர் என்று வந்தால் அவர் பெயரின் மூலவர், குறைந்தபட்சம் மூலவர்களில் ஒருவர். 1600க்குப் பக்கம் என்று வந்தால் அவர் வெறும் பிள்ளைப்பேறு வாய்த்த நெசவாளி, பெயர் அவருக்கு முன்பே இருந்தது. மீதி 27 பேரில் இரண்டு மூன்று பேர் தங்களுக்குள் ஆழமாக ஒத்துப்போனால் இரண்டாவது ஓடைக்கரையும் கிடைத்துவிடும். நான்கு எண்ணை வைத்து இதில் எதையும் பிரிக்க முடியாது.

சைக்ஸ் கட்டுரையின் சுருக்கத்தில் கடைசி வரி, இந்த முறை குற்றப் புலனாய்வுக்கும் வம்சாவளி ஆராய்ச்சிக்கும் பயன்படலாம் என்றது. வம்சாவளிப் பக்கம் ஒரு பெரிய வணிகமே எழுந்தது, பிரையன் சைக்ஸே ஆக்ஸ்ஃபோர்டு ஆன்செஸ்டர்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் 2020இல் காலமானார். மற்றொரு பக்கம் அவர் நினைக்காத திசையில் போனது. பெயரிலிருந்து குரோமோசோமைத் தேடியதை, குரோமோசோமிலிருந்து பெயரைத் தேடுவதாக மரபணு ஆய்வாளர் யானிவ் எர்லிக்கின் குழு 2013இல் திருப்பிப் போட்டது. ஆராய்ச்சிக்காகப் பெயர் நீக்கி வெளியிட்டிருந்த மரபணு விவரங்களை எடுத்து, வம்சாவளி ஆர்வலர்களின் இணையப் பட்டியல்களில் ஒப்பிட்டு, குடும்பப் பெயரை ஊகித்து, அதோடு வயதும் வசிக்கும் மாநிலமும் சேர்த்துத் தேடியதில் ஐம்பது பேர் வரை யார் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். அந்தப் பெயர்களை அவர்கள் வெளியிடவில்லை. முன்கூட்டியே தகவல் தெரிந்த அமெரிக்க சுகாதார ஆய்வு நிறுவனம், பொதுவில் வைத்திருந்த வயது விவரத்தை அனுமதி பெற்றவர்கள் மட்டும் பார்க்கும் இடத்துக்கு மாற்றியது.